புகை இல்லாத சாயங்காலங்கள்

பேராசிரியர் லட்சுமிகாந்தத்தின் மின்னஞ்சலைப் படித்ததும் என் வாயில் முதலில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை. கல்லூரி ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் தமிழ்த்துறை அம்மா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்காக வார்த்தையை விழுங்கினேன். விழுங்கினதுதான், செரிக்கவில்லை.

"அன்புள்ள பாண்டிச்செல்வி" என்று ஆரம்பித்திருந்தார். அன்பாம். "பிப்ரவரியில் நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தேன். நட்சத்திரம் மங்கியதாகச் சொல்கிறீர்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். எங்கள் குடும்பமே பட்டாசுத் தொழிலில் இருக்கிறது. சிவகாசியில் சாயங்கால வானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போதாததற்கு அந்த வாரம் ஒரு பெரிய வெடிவிபத்தும் நடந்திருக்கிறது. நீங்கள் பார்த்தது நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கும் தூசி இல்லை, விபத்தின் புகை. அந்த வார அளவுகளை மட்டும் நீக்கிவிடுகிறேன். மனம் தளர வேண்டாம்."

விபத்தின் புகை. அந்த விபத்தில் செத்த ஐந்து பேரில் ஒருத்தி என் மதினி தங்கத்தாய். என் அண்ணன் காளீஸ்வரனின் பெண்டாட்டி. அவள் எரிந்த புகைதான் என் நட்சத்திரத்தை மறைத்தது என்று பெங்களூரில் உட்கார்ந்து ஒரு மனுஷன் எழுதுகிறார். நான் மனம் தளரக் கூடாதாம்!

முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவள் ஏன் இப்படிச் சாமி வந்தவள் மாதிரி ஆடுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

நான் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற எம். புதுப்பட்டிக்காரி. அம்மா இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தே என்னை இயற்பியல் படிக்கவைத்தாள். இப்போது சிவகாசியில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. தற்காலிகம் என்றால் எப்போது வேண்டுமானாலும் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லலாம் என்று அர்த்தம். பட்டாசுக் கம்பெனிக்கும் கல்லூரிக்கும் அதில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

லட்சுமிகாந்தம் சார் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார். சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களைப் பல ஊர்களிலிருந்து சேர்த்து ஒரு குழு அமைத்தார். எல்லோரும் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், அதன் வெளிச்சத்தை அளந்து அனுப்ப வேண்டும். ரிஷப ராசிப் பக்கம் இருக்கிற குட்டி நட்சத்திரம் அது. எடையில் நம் சூரியனில் பாதிகூட வராது. வயது ஏதோ இருபது லட்சம் வருஷம். நட்சத்திரங்களில் அதெல்லாம் தொட்டிலை விட்டு இறங்காத வயசு. பிறந்தபோது மிஞ்சிய வாயுவும் தூசியும் அதைச் சுற்றி ஒரு தட்டு மாதிரி சுழன்றுகொண்டிருக்கும். அந்தத் தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, கட்டிகள் சேர்ந்துதான் பூமி மாதிரி கோள்கள் உண்டாகும். ஆனால் தட்டு ரொம்ப காலம் நிற்காது. கொஞ்சத்தை நட்சத்திரமே இழுத்துத் தின்றுவிடும், கொஞ்சம் அதன் சூட்டில் ஊதிப் போய்விடும். அதற்குள் உருவானதுதான் உருவானது.

இந்த நட்சத்திரத்தின் தட்டு நமக்கு ஏறக்குறைய விளிம்பைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அதனால் அதில் ஒரு கட்டி சுற்றிவந்து குறுக்கே நின்றால் வெளிச்சம் குறையும். எவ்வளவு குறைகிறது, எப்படிக் குறைகிறது என்று பார்த்தால் அந்தக் கட்டி எவ்வளவு பெரியது, என்னவாகப் போகிறது என்று ஓரளவு சொல்லலாம். யாருக்கு நல்ல அளவு கிடைக்கிறதோ அவர்கள் பெயர் சார் எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரையில் வரும். அதோடு சார் எனக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்லியிருந்தார்: "உங்கள் அளவு கட்டுரையில் ஏறினால் உங்களை என்னிடமே ஆராய்ச்சி மாணவியாக எடுத்துக்கொள்கிறேன்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் கார்த்திகையிலிருந்து தினமும் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டினேன்.

எங்கள் ஊரில் வானம் பார்ப்பது சும்மா இல்லை. பகலில் செய்த சரக்கில் கொஞ்சம் எடுத்து, வேலை முடிந்து வேன்கள் கிளம்பியதும், ஒவ்வொரு கம்பெனியும் தன் பொட்டலில் வெடித்துப் பார்க்கும். சாம்பிள் அடிப்பது என்போம். நான் மாடிக்கு ஏறுகிற நேரத்துக்குச் சரியாக நாலு திசையிலும் புகை எழும்பும். ஊர் வெளிச்சம் அதில் பட்டு வானமே கழுநீர் நிறத்துக்கு வந்துவிடும். புகை கலைகிறவரை கொசுக்கடியில் காத்திருந்து படம் எடுப்பேன். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளப்பதால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் எரிச்சலாக இருக்கும். தங்கத்தாய் மதினி வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய அலுமினியத் தூளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கீழே நின்று கத்துவாள்.

"ஏளா செல்வி, இன்னிக்காச்சும் ஒம் பிள்ளை கண்ணைத் தொறந்துச்சா?"

"ஒங்க கம்பெனிக்காரன் போட்ட புகையில அது இருமிக்கிட்டுக் கெடக்கு மதினி."

"எங்கம்பெனிக்காரன் இல்லாட்டி ஒனக்குச் சோறு ஏது? பேச வந்துட்டா!" என்று சிரிப்பாள். வாய் எனக்குச் சமமாக இருந்தது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான்.

மாசி மாசம் ஒரு நாள் காலையில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் ஆர்டர் அவசரம் என்று எத்தனை பேரை அடைத்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். ஐந்து பேர் திரும்பி வரவில்லை. காலையில் அவளைக் கையசைத்து அனுப்பின அண்ணன், ஆஸ்பத்திரியில் கால் விரலில் கிடந்த மெட்டியைப் பார்த்து "ஆமா" என்றான்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. இதை வெளியூர்க்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கம்பெனியில் வெடித்தால் மதியத்துக்குள் சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். துக்கத்துக்கு என்று நினைக்காதீர்கள். ஆய்வுக்கு அதிகாரிகள் வருவார்கள், வந்தால் அறைக்கு எத்தனை பேர், மரத்தடியில் என்ன காய்கிறது, உரிமம் யார் பெயரில் இருக்கிறது, எல்லாவற்றையும் நோண்டுவார்கள். அதனால் வேன் வராது. வேலையாட்களுக்குக் கூலி கிடையாது. வெளியே யாராவது கேட்டால் "கம்பெனி ஓடுதே" என்பார்கள், ஏனென்றால் பூட்டினோம் என்று ஒப்புக்கொண்டால் பயந்தோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. சூடு ஆறியதும் சத்தமில்லாமல் திறப்பார்கள். எங்கள் வீட்டில் எழவு விழுந்த வாரமும் அப்படித்தான் நடந்தது.

மதினியைத் தகனம் செய்த மறுநாள் சாயங்காலம் நான் மாடிக்கு ஏறினேன். கீழே உட்கார முடியவில்லை. வருகிறவர்கள் எல்லாம் "விதி" என்றார்கள். "அவளுக்கு அம்புட்டுதான் ஆயுசு" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு யார் கழுத்தையாவது நெரிக்க வேண்டும் போல் இருந்தது. மாடியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு என் சித்தி முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"சாவு வீட்டுல நச்சத்திரம் பாக்குறாளாம். நல்லா வளத்திருக்கக்கா பிள்ளைய."

அம்மா அழுது வற்றின குரலில், "விடு. கீள இருந்தா வாறவுகளையெல்லாம் கடிச்சு வச்சுருவா" என்றாள்.

மேலே போனால் வானம் அப்படிச் சுத்தமாக இருந்தது. அப்படி ஒரு வானத்தை ஊரில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு திசையிலும் புகை இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஐந்து பேர் செத்தால்தான் எங்களுக்கு வானம் தெரியும் போல என்று நினைத்து அழுதுகொண்டே படம் எடுத்தேன். படத்தில் மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் ஊசி குத்தின மாதிரி துல்லியமாக இருந்தன. அந்தக் குட்டி மட்டும் பாதி மங்கிக் கிடந்தது. அடுத்த சாயங்காலம் இன்னும் மங்கியது. பிறகு மெதுவாக ஏறியது. அந்த வாரம் குழுவில் மற்ற எல்லோருக்கும் மேகம். உலகத்தில் வேறு யாரிடமும் அந்த மங்கல் இல்லை, என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதைத்தான் லட்சுமிகாந்தம் சார் புகை என்று துடைத்துப் போட்டார்.

நான் பதில் எழுதினேன். அந்த வாரம் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன, ஊரில் புகையே இல்லை என்றேன். செத்தவர்களில் ஒருத்தி என் மதினி என்று எழுதவில்லை. பரிதாபத்துக்காக என் அளவை எடுத்துக்கொண்டார் என்று ஆகிவிடக் கூடாது. அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. "என் அண்ணனிடமே விசாரித்தேன். எல்லாக் கம்பெனியும் வழக்கம்போல ஓடியதாகவும், சாம்பிளும் அடித்ததாகவும் சொல்கிறார். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வீட்டுக்கு வருகிறேன், விருப்பமிருந்தால் நேரில் வாருங்கள்."

விருப்பமாம்! அண்ணனைக் கேட்டேன், பைக்கில் கூட்டிப் போனான். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

விருதுநகரில் தெருக்கொள்ளாத கூட்டம். மஞ்சள் சேலையும் அக்கினிச்சட்டியுமாகச் சனம் கோயிலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வண்டியை வைத்துக்கொண்டு அண்ணன் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். "நான் வரலை. மொதலாளி வீட்டுக்குள்ள வந்தா எனக்கு வாய் கட்டிப்போகும். நீ போயிட்டு வா" என்றான்.

பழைய பெரிய வீடு. கூடத்தில் லட்சுமிகாந்தம் சார் வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பார்க்க நல்ல மனுஷனாகத்தான் இருந்தார், அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பக்கத்தில் அவர் அண்ணன் ராஜபாண்டியன். சிவகாசிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் இரண்டு கம்பெனி அவருக்கு. நெற்றி நிறையத் திருநீறு. ஒரு தட்டில் காராச்சேவு கொண்டுவந்து வைத்தார்கள்.

"வாம்மா, சாப்பிடு. நம்ம பக்கத்துப் பிள்ளை இம்புட்டுப் படிச்சிருக்கிறது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?" என்றார் சார்.

"அளவை எடுத்துட்டுப் பெருமைப்படுங்க சார்" என்று மடிக்கணினியைத் திறந்தேன்.

ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் ஒரு படம். மாசி மாசத்துப் படங்களை வரிசையாக ஓட்டினேன். "இங்க பாருங்க. தெருவுல பனி மூட்டம் போட்டா எல்லா லைட்டும் மங்கும். ஒரே ஒரு லைட்டு மட்டும் மங்குனா கோளாறு அந்த லைட்டுலதான? மத்த நட்சத்திரம் ஒண்ணாச்சும் மங்கியிருக்கா?"

"புரியுதும்மா. ஆனா மேல போய் வெடிக்கிற ஃபேன்ஸி ஷாட் புகை கட்டிகட்டியா மிதக்கும். நான் சின்னப் பிள்ளையில எங்க பொட்டல்ல பார்த்து வளர்ந்தவன். அதுல ஒரு கட்டி சரியா அந்த நட்சத்திரத்துக்கு நேரா நின்னிருந்தா?"

"தினமும் ஒரே எடத்துலயா சார்? வாடகைக்குப் பிடிச்ச மாதிரி?"

சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த வாரம் புகையே கிடையாது. கம்பெனி அம்புட்டும் பூட்டிக் கெடந்துச்சு."

ராஜபாண்டியன் வாயில் போட்ட காராச்சேவை மென்று முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "யாரும்மா பூட்டினது? சீசனுக்கு ஆர்டர் கழுத்தைப் பிடிக்குது. எங்க யூனிட்டு ஓடுச்சு, சாம்பிளும் அடிச்சோம். ஒரு நாள் மௌன அஞ்சலி செஞ்சோம், அம்புட்டுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் பூசணித் தோட்டத்தையே மறைத்தார். "பொய் சொல்லாதீக. ஒங்க வேன் ஒண்ணுகூட அந்த வாரம் எங்க ஊருக்குள்ள வரலை. எனக்கெப்படித் தெரியும்ன்னு கேளுங்க. எங்க வீட்டுல பந்தல் போட்டு ரோட்டை அடைச்சிருந்தோம். வேன் வந்திருந்தா பந்தலைப் பிரிச்சிருக்கணும். யாருமே பிரிக்கச் சொல்லலை."

"என்ன பந்தல்?" என்றார் சார்.

"அந்த வெடியில செத்தது எங்க மதினி சார். ஒங்க மெயில்ல எழுதியிருந்தீகளே, புகைன்னு. அவதான்."

தெருவில் மேளச் சத்தம் கடந்து போனது. சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "மன்னிச்சிரும்மா. எனக்குத் தெரியாது" என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, முதல் தடவையாக ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தார். இதைப் பெங்களூரிலேயே செய்திருந்தால் என்ன கேடு?

கார்த்திகையிலிருந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கிற வெற்று வானத்தின் நிறத்தைத்தான் அவர் பார்த்தார். சாம்பல், சாம்பல், சாம்பல். மாசியில் அந்த வாரம் வந்ததும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. "நீ சொல்றது சரி. சாம்பிள் அடிச்சிருந்தா இப்படி இருக்காது" என்று முணுமுணுத்தார். அப்புறம் பின்னால் போய், மார்கழியில் நின்றார். அங்கேயும் சில படங்கள் அதே கறுப்பு.

"இங்கயும் சுத்தமா இருக்கே. இதென்ன, ஏதும் பண்டிகை லீவா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

நான் ராஜபாண்டியனைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். சத்தியமாக நான் அதைப் பேச வரவில்லை. ஆனால் கேட்டது அவர் தம்பி.

"அது பண்டிகை இல்லை சார். ஒங்க அண்ணாச்சி யூனிட்டுல மருந்து கலக்குற ரூம்பு வெடிச்சு சங்கிலிமுத்துன்னு ஒருத்தர் செத்துப்போனாரு. கரண்டு அடிச்சதுன்னு எழுதி முடிச்சுட்டாக. பேப்பர்ல வரலை. அதுக்கும் எல்லாரும் பூட்டுனாக."

சார் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி?"

"லேப்டாப்பை மூடச் சொல்லுடா" என்றார் ராஜபாண்டியன். குரல் உயரவே இல்லை. "நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சா, இதுக்குத்தான். நச்சத்திரம் பாக்க வந்தவ நச்சத்திரத்தைப் பாத்துட்டுப் போகணும்."

சார் அந்த மார்கழிப் படங்களை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். அவருக்குள் என்ன ஓடியதோ. கடைசியில் என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாண்டிச்செல்வி, உன் அளவு சரி. நான்தான் தப்பு. மங்கல் நிஜம், தட்டுல பெரிய கட்டி ஒண்ணு இருக்கு. இது முக்கியமான கண்டுபிடிப்பு. உன் பெயர்லதான் வரும். ஆகஸ்ட்ல வந்து சேர்ந்துடு."

இதற்காகத்தானே வந்தேன்? நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி குளிரவும் செய்தது.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் சார். "வானம் ஏன் சுத்தமா இருந்துச்சுன்னு கட்டுரையில ஒரு வரி எழுதணும், இல்லாட்டி மத்தவங்களும் புகைன்னுதான் சொல்வாங்க. 'உள்ளூர் விடுமுறை'ன்னு போட்டுடுவோம். ரெண்டு தடவைக்கும்."

"விடுமுறையா?"

"அறிவியல் கட்டுரைம்மா. அங்க அதுக்கு மேல தேவையில்லை."

"எங்க மதினி செத்த வாரம் ஒங்களுக்கு விடுமுறையா சார்? அப்ப அளவுல மட்டும் எதுக்கு இம்புட்டுச் சுத்தம் பாக்குறீக? காரணத்துல பொய் எழுதலாம், கணக்குல எழுதக் கூடாதோ?"

"கொஞ்சம் நடைமுறையா யோசி. இது என் குடும்பம்."

"அவ எங்குடும்பம்."

மடிக்கணினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கட்டுரைக் குழுவில் எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதில் போட்டால் ஜப்பானிலிருந்து சிலிவரை இதை ஆராய்கிற எல்லோருக்கும் போகும். அங்கேயே உட்கார்ந்து அடித்தேன். இந்தச் சாயங்காலங்களில் எங்கள் ஊர் வானம் சுத்தமாக இருந்ததற்குக் காரணம், பட்டாசு ஆலை வெடிப்புகளில் மாசியில் ஐந்து தொழிலாளர்களும் மார்கழியில் ஒருவரும் இறந்தது. அதிகாரிகளின் ஆய்வுக்குப் பயந்து மற்ற ஆலைகள் பூட்டிக்கொண்டன. அதனால் புகை இல்லை. என் அளவுகளை எடுத்துக்கொண்டால் இந்தக் காரணத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அனுப்பினேன்.

சார் கைப்பேசி சட்டைப்பையில் மணியடித்தது. எடுத்துப் படித்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. "உனக்காக ஒரு இடம் வச்சிருந்தேனேம்மா" என்றார்.

"அதுல ஒங்க அண்ணாச்சியை உக்கார வைங்க சார்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் ராஜபாண்டியன் யாரையோ கைப்பேசியில் கூப்பிடுவது கேட்டது. கூப்பிடட்டும். கல்லூரித் தாளாளரைத்தான் கூப்பிடுவார். தற்காலிகத்துக்கு நாளையிலிருந்து வேலையில்லை என்பார்கள். உடம்பெல்லாம் ஆத்திரத்தில் எரிந்தது. அதோடு கூடவே ஒரு திமிரும் இருந்தது, மறைப்பானேன். யாரும் எழுதாததை எழுதிவிட்டேன் என்ற திமிர்.

தெருமுனையில் அண்ணன் வண்டி மேல் சாய்ந்து நின்றிருந்தான்.

"என்னாச்சு? ஒத்துக்கிட்டாகளா?"

"நச்சத்திரம் மங்குனதை ஒத்துக்கிட்டாக. மதினி செத்ததைத்தான் எழுதக் கூடாதுன்னாக. நான் எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்டேன்ணே. பெரிய பெரிய ஊர்லயெல்லாம் படிப்பாக. சீட்டு போச்சு."

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அக்கினிச்சட்டி ஏந்தின ஒரு பெண் எங்களை ஒட்டிக் கடந்து போனாள். அவள் போகிறவரை ஒதுங்கி நின்றுவிட்டு, "அவ பேரைப் போட்டியா?" என்று கேட்டான்.

எழுதினதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து தொழிலாளர்கள், ஒருவர். பேப்பர்காரன் எழுதுகிற மாதிரி, கம்பெனிக்காரன் சொல்கிற மாதிரி, அப்படியேதான் நானும் எழுதியிருந்தேன். அவர் வீட்டில் அத்தனை சவடால் விட்டுவிட்டு, என் கை அதைத்தான் அடித்திருக்கிறது.

"போடலைண்ணே."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வண்டி இருக்கையைக் கையால் தட்டித் துடைத்து, "இங்கன வச்சு எழுது" என்றான்.

மடிக்கணினியை இருக்கை மேல் வைத்துத் திறந்தேன். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. அவன் என் காதருகில் குனிந்து, ஒவ்வொரு பெயராக, ஊரும் அப்பன் பெயரும் சேர்த்துச் சொன்னான். சங்கிலிமுத்து. கருத்தப்பாண்டி. பாண்டிமுருகன். சினேகா, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாரிக்கனி. மேளச் சத்தத்தில் கேட்காத இடத்தில் மறுபடியும் சொல்லச் சொன்னேன், பொறுமையாகச் சொன்னான்.

அதோடு நிறுத்திவிட்டான். ஆறாவது பெயருக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவனால் முடியவில்லை. தங்கத்தாய் என்று நானே அடித்தேன்.